கோயில் கதவில் செய்த கிட்டார்

"சாமிக்குக் காது வலிக்காதா மாமா?" என்று ஒரு குழந்தை என்னிடம் கேட்டது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கூரையில் நான் முதன்முதலாக ஒலிபெருக்கியை ஏற்றிய நாள் அது. அடுத்த வீட்டு உமாதேவிக்கு அப்போது ஆறு வயது. அந்தக் குழாயை அண்ணாந்து பார்த்தபடி கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தோட்டக் கணக்குப் பார்க்கும் கிராணிகூடச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அவள் கையில் ஒரு மிட்டாய் கொடுத்தேன். இருபத்து நான்கு வருடங்கள் ஆகிவிட்டன. அதையெல்லாம் நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அன்று சிரித்தவர்கள் பதினோரு பேர்.

என் பெயர் அமிர்தலிங்கம். கோயிலுக்குச் செயலாளர். தேயிலை ஆலையில் டிரையர் என் பொறுப்பு. புளிக்க வைத்த இலையில் இருக்கும் ஈரத்தைச் சூடான காற்றால் எடுப்பதுதான் முப்பத்தொரு வருடமாக என் வேலை. பெரிய தருமம் செய்ய எனக்கு வசதியில்லை. ஆனால் மழையில் நிற்பவருக்குக் குடை பிடிப்பேன். முடியாதவர்களை என் வேனில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். உலகம் இப்படிப்பட்ட சின்ன நன்மைகளில்தான் நிற்கிறது என்பது என் நம்பிக்கை.

உமாதேவியின் கிட்டாருக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்து எழுதும்படி கோயில் தலைவர் இருளப்பன் கேட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட விசாரணைகள் செயலாளரிடம்தான் வரும். விசாரிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

உமாதேவி திரிங்காப்பில் பூத்தோட்டத்தில் வேலை செய்கிறாள். சாமந்தியை அடுக்கிக் கட்டி லாரியில் ஏற்றும் வேலை. அவளுக்கு இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. கிட்டார் வாசிப்பவர்கள் இடது கை விரல்களால் கம்பியை அழுத்தி, வலது கையால் மீட்டுவார்கள். விரல் போன பிறகு அவள் பழைய கிட்டார் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பழகினாள். ஆறு வருடம். அது மின்சாரக் கிட்டார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் எனக்கு 'டிக், டிக்' என்று கம்பி தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். தனக்கு மட்டும் கேட்கிற இசையை ஒருவர் ஆறு வருடம் வாசிப்பது எனக்குச் சுயநலமாகப் பட்டது. நான் போடும் பக்திப் பாட்டு இரண்டு மலை தாண்டிக் கேட்கும்.

"சாமிக்குக் கேக்குதோ இல்லியோ, பிரிஞ்சாங் மார்க்கெட் வரைக்கும் கேக்குது ஒங்க பக்தி" என்பாள் என் மனைவி செல்லம். அவள் வேடிக்கையாகப் பேசக்கூடியவள்.

கோயிலைப் புதுப்பித்தபோது பழைய கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தோம். பலா மரக் கதவு. உமாதேவி வந்து அதைத் தடவிப் பார்த்தாள்.

"மாமா, இதுல ஒரு பலக குடுங்கலா."

"என்னாத்துக்கு?"

"கிட்டாரு செய்ய."

"அம்மன் கதவுலயா?"

"ஏன், அம்மனுக்குப் பாட்டு புடிக்காதா?"

கொடுத்தேன். அவளுடைய மோட்டார் சைக்கிளில் நானே வைத்துக் கட்டியும் விட்டேன். இதையும் இங்கே பதிவு செய்வது நியாயம் என்று நினைக்கிறேன்.

ஈப்போவில் மகேஸ்வரன் என்பவர் கிட்டார் செய்கிறார். உமாதேவியின் கையைத் தாளில் வைத்து வரைந்துகொண்டார். எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி, குமிழ்களை மிச்சமிருக்கும் மூன்று விரலுக்கு எட்டும்படி வைத்து, பதினான்கு மாதத்தில் செய்து முடித்தார். அப்படி ஒரு கிட்டார் எந்தக் கடையிலும் கிடைக்காது.

திருவிழா வெள்ளிக்கிழமை மாலை அவள் வாசிக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. விரல் போனதற்குப் பிறகு அவள் ஊர் முன்னால் வாசிக்கப்போகும் முதல் நாள். வழக்கமாக அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் என் பாட்டுதான் ஓடும்.

"அரை மணி நேரந்தான செயலாளரே" என்றார் இருளப்பன். "ஒங்க கொழாயும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்லா."

அன்று சிரித்தவர்களை நான் எண்ணவில்லை. ஏறக்குறைய எல்லோரும்.

கிட்டார் ஈப்போ பஸ்ஸில் தானா ராத்தாவுக்கு வர வேண்டியிருந்தது. திருவிழா வாரத்தில் பூவுக்கு ஆர்டர் அதிகம், உமாதேவிக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் எடுத்தாரேன்மா, வேன் சும்மாதான நிக்கிது" என்றேன்.

"பாத்துக் கொண்டாங்க மாமா. ஈரம் மட்டும் படக்கூடாது."

ஈரம் படக்கூடாது என்று சொன்னது அவள்தான். இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

எங்கள் மலையில் ஈரம் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். டிரையருக்குப் பின்னால், சூட்டுக் குழாய் ஓரம். செவ்வாய்க்கிழமையே வந்துவிட்ட கிட்டாரை எடுத்துவந்து, அங்கே பெட்டியைத் திறந்து வைத்தேன். கம்பிகள் தளர்வாக இருப்பதுபோல் தோன்றியது. ஒவ்வொரு முறுக்காணியையும் கொஞ்சம் இறுக்கினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். உமாதேவி கேட்டபோது, இன்னும் பஸ்ஸில் வரவில்லை என்றேன். வந்துவிட்டது என்று தெரிந்தால் அவளுக்கு வேலையில் மனம் ஓடாது. எவ்வளவு சூட்டில் இலை முறுகும், எவ்வளவு சூட்டில் பசை இளகும், மரம் எந்தப் பக்கம் வளையும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தவன் கையில் ஒரு பொருள் இருப்பது நல்லதுதானே.

வெள்ளிக்கிழமை காலை அதை அந்தச் சூட்டிலிருந்து எடுத்து, நேராக வெளியே பனியில் கொண்டுவந்து வைத்தேன். ஆறட்டும் என்றுதான். கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆறு வருடமாக எனக்குக் கேட்ட அதே சத்தம்.

மாலையில் மேடைக்குப் பின்னால் வைத்து அவளிடம் கொடுத்தேன். புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். பெட்டியைத் திறந்தாள். கழுத்துப் பகுதி முறுக்கிக்கொண்டு நின்றது. அதன் மேல் ஒட்டியிருந்த பலகை பிளந்து தூக்கியிருந்தது. மேல்பூச்சு முழுக்க மயிரிழை வெடிப்பு. உடம்புப் பலகைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது கதவாக முப்பது வருடம் அம்மனுடைய சாம்பிராணிப் புகையில் காய்ந்த மரம்.

உமாதேவி அழவில்லை. கிட்டாரைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனாள். முத்தமிடப் போகிறாள் என்று நினைத்தேன். மோந்து பார்த்தாள். மூன்று நாள் டிரையர் ஓரம் இருந்த எந்தப் பொருளிலும் புதுத் தேத்தூள் வாசம் ஏறிவிடும். தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் இருக்காது. என்னைப் பார்த்தாள்.

"என்னாம்மா ஆச்சி?" என்று இருளப்பன் ஓடி வந்தார்.

அவள் பார்வையை என்னிடமிருந்து எடுக்கவில்லை. "மலக் குளுரு, தலைவரே. மரம் முறுக்கிக்கிச்சி" என்றாள்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது இது இரண்டாவது தடவை.

முதல் தடவை ஆறு வருடத்துக்கு முன்பு, இதே திருவிழாவில். கரண்டு போய்விட்டது. பாட்டு நிற்கக் கூடாது. ஜெனரேட்டர் பெல்ட்டுக்கு மேல் ஒரு தகரக் கூடு உண்டு. அது அதிர்ந்து சத்தம் போட்டுப் பாட்டைக் கெடுக்கிறது என்று நான் கழற்றி வைத்திருந்தேன். பெல்ட் நழுவிக் கிடந்தது. "ஒனக்குத்தான் மெல்லிசுக் கை, உள்ள விட்டு ஏத்திவிடும்மா" என்றேன். "இருங்க மாமா" என்று அவள் சொன்னதாக ஞாபகம். பூசை நேரம் தவறிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரை ஓட்டிவிட்டேன்.

அவளை வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான்தான். கேட்டால் தானாகக் கையை விட்டதாகச் சொல்ல வேண்டும், கோயிலுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் எடுத்துச் சொன்னதும் நான்தான். அப்படியே சொன்னாள். மூன்று வாரம் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இந்தத் திருவிழாவிலும் அந்த அரை மணி நேரம் வீணாகவில்லை. ஒலிபெருக்கியைப் போட்டேன். அம்மனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

கமிட்டிக்குக் கொடுத்த அறிக்கையில், மலைக் குளிரால் மரம் முறுக்கிக்கொண்டது என்று எழுதினேன். அது உமாதேவியின் வாய்மொழி, ஒரு எழுத்துக்கூட என் கற்பனை இல்லை. நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன் என்று சொல்லும் இந்தத் தாளைக் கோயில் மேசை இழுப்பறையில், அம்மன் படத்துக்கு அடியில் வைக்கிறேன். உண்மையை அம்மனுக்கு மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இழுப்பறைச் சாவி செயலாளரிடம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை உமாதேவி அந்தக் கிட்டாரை மறுபடி ஈப்போவுக்குக் கொண்டுபோனாள். உடம்புப் பலகை நன்றாக இருப்பதால் மகேஸ்வரன் புதுக் கழுத்து செய்து தருவாராம். இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றாராம். வேனில் பஸ் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மாமா. இனிமே நானே கொண்டு போயி நானே கொண்டாந்துக்கிறேன்."

என் சிரமத்தைக் குறைக்க நினைக்கிறாள். நல்ல பிள்ளை.

ஆனாலும் இரண்டு தடவை வாய் திறக்காமல் இருந்தவளுக்கு நான் கடன்பட்டவன். அதை மறந்தால் நான் மனிதனே இல்லை. திங்கட்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ஒருவரும் இல்லை. பூசாரிகூட வந்திருக்கவில்லை. அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஒலிபெருக்கியின் சத்தத்தை உமாதேவிக்காக ஒரு புள்ளி குறைத்தேன். ஒரு பாட்டு முழுவதும் அப்படியே ஓடியது. யாரும் பார்க்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மன் முகத்தில் ஏதோ நிம்மதி தெரிந்ததுபோல் இருந்தது. என் தியாகத்தை அவள் ஏற்றுக்கொண்டாள் என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை.

இரண்டாவது பாட்டுக்கு மறுபடி கூட்டி வைத்தேன். கடன்தான் தீர்ந்துவிட்டதே.