சலூட்டு மடை

எல்லாரும் உக்காந்தாச்சா? ‘உம்’ கொட்டிக்கிட்டே இருங்க. நீங்க உம்மை நிறுத்துனா நானும் கதைய நிறுத்திப்புடுவேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

முன்ன ஒரு காலத்துல, வெள்ளைக்காரன் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயி கொஞ்ச வருசந்தான் ஆயிருக்கு, சிவகங்கைச் சீமையில நெடுங்கரைப்பட்டின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். முன்னூறு வீடு, ஒரு கருப்பர் கோயிலு, ஒரு பெரிய கண்மாயி. அந்த ஊருல கருத்தாயின்னு ஒரு பொம்பள. நாப்பதைத் தொட்டவ. வாய் கம்மி, கண்ணு ஜாஸ்தி. அவ அய்யா பேரு சேவுகன். அவருக்கு எம்பது வயசு.

அந்தக் கண்மாயிக்கு ஒரு சட்டம் உண்டு. கோடையில தண்ணி வத்தி முழங்காலுக்கு வந்ததும் ஊரே மீன் பிடிக்கிற ஊத்தாக்கூடையைத் தூக்கிக்கிட்டுக் கரையில வந்து நிக்கும். ஒருத்தர் வெள்ளைத் துண்டை வீசுவாரு. வீசுனதும் பெரியவன் சின்னவன்னு இல்லாம எல்லாரும் குதிச்சு மீன் பிடிப்பாக. வெள்ளை வீசுறதுக்கு முன்னாடி எவன் கால நனைச்சாலும் அவன் குத்தவாளி. எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் குத்தவாளிதான்.

அந்த வெள்ளையை வீசுற பாத்தியதை யாருக்குன்னா, மடை திறக்குற சேவுகன் வீட்டுக்கு. ஏன்னா மடைக்குழி எந்தக் கோடையிலயும் வத்தாது. ஆள் முங்குற ஆழம். அதுக்குள்ள முங்கி மடையைத் திறக்கத் தெரிஞ்சது அந்த வீட்டாளுகளுக்கு மட்டுந்தான். அந்தக் குழியில ஒரு விராலை வருசம் பூரா காவல் காத்து, மீன்பிடி அன்னைக்கு மொத மீனா எடுத்துக் கருப்பருக்குக் குடுப்பாரு சேவுகன். அப்புறந்தான் வெள்ளை.

ஒரு வருசம் சேவுகன் முங்குறாரு, வெறுங்கையோட எந்திரிக்கிறாரு. மறுபடி முங்குறாரு, மறுபடியும் வெறுங்கை. ஊரு சும்மா இருக்குமா? காவல்காரனே கருப்பர் மீனைத் தின்னுட்டான்னு சொல்லிப்புட்டாக. ஊர் நாட்டாமை அம்பலக்காரர் வந்து அவரு தோள்ல கிடந்த வெள்ளைத் துண்டை உருவி எடுத்துட்டாராம். அன்னையில இருந்து அம்பலக்காரர் வீடே வெள்ளை வீசுச்சு. கருத்தாயிக்கு அப்ப ஏழு வயசு. அய்யா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அதைப் பாத்தா. அந்தத் துண்டு போன தோளை அவ மறக்கவே இல்ல.

கூத்தைக் கேளுங்க. வெள்ளை வீச ஆகாதுன்னவுக மடை திறக்க மட்டும் சேவுகனைத்தான் கூப்புட்டாக. வேற யாருக்கு முங்கத் தெரியும்? அவரும் திறந்து விட்டாரு, முப்பத்திரண்டு வருசம். ஆனா மீன்பிடி அன்னைக்கு மட்டும் பக்கத்து ஊருக்குப் போயி, பொழுது சாயுற வரைக்கும் அங்கனயே உக்காந்திருந்துட்டு வருவாராம். அய்யா கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை அந்த வெள்ளையை அவரு கையில குடுத்துப் பாக்கணும்னு கருத்தாயிக்கு ஆசை. அது ஒண்ணுதான் அவளுக்கு ஆசை.

இப்ப சுபேதாரு வாராரு.

முத்திருளப்பன்னு பேரு. பத்தொம்பது வயசுல அப்பன்கிட்டச் சண்டை போட்டுட்டுப் பட்டாளத்துக்கு ஓடிப்போனவரு. பர்மாச் சண்டையெல்லாம் பாத்துட்டு, சுபேதாரா ஆகி, நெஞ்சு நிறைய மெடலும் முறுக்குன மீசையுமா ஊரு வந்து சேந்தாரு. நல்ல மனுசன். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் குடுத்தாரு. ரோட்டுக்கு மண்ணடிக்கத் தானே மண்வெட்டி பிடிச்சாரு. அவருக்கு ஒரே ஒரு கோளாறு, கதை. பர்மாக் கதையை ஆரம்பிச்சா பால் பொங்கி அடுப்பு அணையுற வரைக்கும் டீக்கடைக்காரனை நகர விட மாட்டாரு. அதுல ஒரு வார்த்தையை யாராச்சும் நம்பலைன்னா அன்னைக்குச் சோறு எறங்காது அவருக்கு. ஊரு அவரை நிக்கச் சொன்னுச்சு, நின்னாரு. ஓட்டுப் போட்டுச்சு, செயிச்சாரு. பஞ்சாயத்துப் பிரசிடென்ட்டும் ஆயிட்டாரு.

செயிச்சதுக்கு மாலை போட்ட கூட்டத்துல சுபேதாரு பேசுறாரு. பேசுனா என்ன வரும்? பர்மாதான் வரும். பட்டினியில கிடந்த எங்க கேப்டனுக்கு ஆத்துல வெறுங்கையால மீன் பிடிச்சுக் குடுத்தேன், அந்த வித்தை எனக்கு நம்ம மடைக்குழியில பழகுனது, அங்க இடதுபக்கம் தோளாழத்துல ஒரு பொந்து இருக்கு, அதுக்குள்ள கையை விட்டாத் தொடைத் தண்டி விரால் வரும்னு சொல்லிப்புட்டாரு. கூட்டம் கைதட்டுச்சு. அவரும் மீசையத் தடவிக்கிட்டாரு.

கருத்தாயி கைதட்டல.

அந்தப் பொந்து எங்க அய்யாவுக்கும் எனக்கும் மட்டுந்தான தெரியும், பட்டாளத்துல இருந்தவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு யோசிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனாளாம். இவரு ஊரை விட்டு ஓடுனது எந்த நாளுன்னு யோசிச்சா. கருப்பர் மீனு காணாமப்போன அந்த வருசம், மீன்பிடிக்கு முந்துன நாளு. மீனை எடுத்தது யாருன்னு அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனா நேரா போயிக் கேட்டா என்ன நடக்கும்? இல்லம்பாரு. மெடல் போட்டவரு சொல்றதை ஊரு நம்பும், மடைக்காரன் மக சொல்றதை நம்பாது. அதனால அவ வேற ஒண்ணு பண்ணுனா.

மீன்பிடிக்கு நாளு குறிக்க மடைக்கரையில ஊர்க்கூட்டம். சுபேதாரு பட்டாளத்துச் சட்டை, மெடல், கைக்கடியாரம் எல்லாத்தோடயும் நாற்காலியில உக்காந்திருக்காரு. கருத்தாயி எந்திரிச்சா. பிராது இருக்குன்னா. யாரு மேலன்னு கேட்டாரு அம்பலக்காரர் மகன். பிரசிடென்ட்டு மேலன்னா. என்ன பிராதுன்னாரு.

“அண்ணே கூட்டத்துல பொய் சொல்லிட்டாக. மடைக்குழியில பொந்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இடதுபக்கம் பூரா கல்லு. பொந்து பொய்யின்னா பர்மாவும் பொய்தான.”

கூட்டத்துல ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். அடுத்தவன் சிரிச்சான். அம்புட்டுத்தான், ஊரே சிரிக்குது. சுபேதாரு மூஞ்சி செவந்துபோச்சு. மீசை ஆடுது. எந்திரிச்சாரு.

“நானா ஆத்தா பொய் சொல்றேன்?”

“கல்லுதாண்ணே இருக்கு. நான் முங்கிப் பாத்தவ சொல்றேன்.”

கேட்டாரோ இல்லையோ, மனுசன் செருப்பைக்கூடக் கழட்டல. மெடலோட, கடியாரத்தோட, தொபுக்கடீர்னு குதிச்சாரு மடைக்குழிக்குள்ள. ஊரு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. தண்ணி ஒரு சுத்து சுத்துச்சு. அப்புறம் மீசை வந்துச்சு, தலை வந்துச்சு, கை வந்துச்சு. கையில ஒரு விரால் துள்ளுது, தொடைத் தண்டி.

“இந்தா பாரு பொந்து! இடதுபக்கம், தோளாழம்! பட்டாளத்துக்கு ஓடுன அன்னைக்கும் இதே பொந்துலதான் புடிச்சேன்!”

யாரும் சிரிக்கல. சுபேதாரு கையில இருக்குற மீனைப் பாத்தாரு. கரையைப் பாத்தாரு. சேவுகன் கம்பை ஊணிக்கிட்டு நிக்கிறதைப் பாத்தாரு. அப்பத்தான் மண்டையில ஏறுச்சு. வெள்ளை இன்னும் வீசல. முப்பத்திரண்டு வருசத்துக்கு முந்துன குத்தத்தைச் சொன்ன வாயோட அதே குத்தத்தை ஊரு பாக்க இன்னொரு தடவை பண்ணிட்டு நிக்கிறாரு. சாட்சி வேணுமா, வக்கீலு வேணுமா? முன்னூறு வீடும் சாட்சி.

கருத்தாயிக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. எது முந்துனுச்சுன்னு அவளுக்கே தெரியலையாம்.

சுபேதாரு ஓடல, மழுப்பல. அதுக்குத்தான் அவரை இன்னைக்கும் பேசுறோம். மடைக்கல்லை ஒரு கையால பிடிச்சு, கழுத்தளவு தண்ணியில தொங்கிக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாரு. உச்சிவெயில்ல எருமை மேய்க்கையில சேவுகன் முங்குறதைப் பாத்ததையும், ஆசையில கையை விட்டதையும், வந்தது கருப்பர் மீனுன்னு தெரிஞ்சும் எடுத்துக்கிட்டுப் பனங்காட்டுக்குள்ள போனதையும் சொன்னாரு. பயத்துலதான் பட்டாளத்துக்கு ஓடுனேன், அப்பன்கிட்டச் சண்டை போட்டதெல்லாம் சாக்குன்னு சொன்னாரு. அதுக்காக சேவுகன் துண்டை உருவுன சேதி அப்புறந்தான் காதுக்கு வந்துச்சு, சண்டையில குண்டுக்கு நடுவுல நிமிந்து நின்னவனுக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரலைன்னாரு.

குத்தவாளின்னு தீர்ப்பாச்சு. தண்டனையை யாரு சொல்றது? பிரசிடென்ட்டுத்தான் சொல்லணும், பிரசிடென்ட்டோ குழிக்குள்ள நிக்கிறாரு. சேவுகனே சொல்லட்டும்னுட்டாக. கிழவர் மெதுவா மடை மேல வந்து குனிஞ்சு பாத்தாரு.

“ஏப்பா முத்திருளா, மீனு எப்படி இருந்துச்சு?”

“உப்பில்லாமச் சுட்டேன். பாதி வேகல. பயத்துல ருசியே தெரியலண்ணே.”

கிழவர் சிரிச்சாராம். முப்பத்திரண்டு வருசத்துல அவரு அந்தக் கரையில சிரிச்சு யாரும் பாக்கல. சிரிச்சு முடிச்சுட்டுச் சொன்னாரு, இவனுக்கு மேல தண்டனை வேணாம், மீனை விட்டுட்டு மேல வரச் சொல்லுங்க, எனக்கு வேண்டியது வெள்ளைதான்னு.

சுபேதாரு விராலைப் பொந்துப் பக்கமா விட்டாரு. சொட்டச் சொட்டக் கரையேறுனாரு. அம்பலக்காரர் மகன் நீட்டுன துண்டை ரெண்டு கையாலயும் வாங்கி, சேவுகன் தோள்ல போட்டாரு. போட்டுட்டு ரெண்டடி பின்னால போயி, நெஞ்சை நிமித்தி, காலைத் தட்டி, வெள்ளைக்காரத் தொரைக்கு அடிச்சதைவிட வெறைப்பா ஒரு சலூட் அடிச்சாரு. அடிச்ச கையை எறக்கல. கிழவருக்கு என்ன பண்றதுன்னு தெரியல. கையை எறக்கச் சொல்லு தாயின்னு மககிட்டச் சொல்றாரு. “கொஞ்ச நேரம் நிக்கட்டும் அய்யா”ன்னாளாம் கருத்தாயி.

மூணாம் நாளு மீன்பிடி. எம்பது வயசுக் கை வீசுன வெள்ளை அக்கரை வரைக்கும் தெரிஞ்சுச்சாம். பிரசிடென்ட்டு கடைசி ஆளா, கூடையில்லாம, வெறுங்கையோட எறங்குனாரு. ஒரு கெண்டைக்குஞ்சுகூடச் சிக்கலன்னு சொல்லுவாக. ஆனா அன்னைக்கு ஊருலயே பெரிய சிரிப்பு அவரு சிரிச்சதுதானாம்.

அன்னையில இருந்து அதுக்குப் பேரு சலூட்டு மடை. சேவுகனுக்குப் பெறகு வெள்ளை கருத்தாயி கைக்கு வந்துச்சு, இப்ப அவ பேத்தி கையில இருக்கு. பிரசிடென்ட்டு வரட்டும், எம்.எல்.ஏ. வரட்டும், மந்திரியே வரட்டும், செயிச்சவுக யாரா இருந்தாலும் அந்த மடையில வெள்ளைக்காரிக்கு, வெள்ளை வச்சிருக்கவளுக்கு, ஒரு சலூட் அடிக்கணும். அவ தலைய ஆட்டுற வரைக்கும் கையை எறக்கக் கூடாது. போன கோடையில வந்த ஒருத்தரு வெயில்ல கையைத் தூக்குனபடியே நிக்க, அந்தப் பிள்ளை நிதானமா வெத்தலைய மடிச்சு வாயில போட்டு, மென்னு, துப்பி, அப்புறந்தான் தலைய ஆட்டுச்சாம்.