காரைதீவுப் புளியமரம்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போன பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர் இருந்தார்கள். சூறாவளிக்கு விழாமல் நின்ற பழைய மரங்களைத் தேடி அளந்து கொப்பியில் எழுதி வைக்கும் ஆட்கள் என்று பேச்சில் விளங்கியது. ஜன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“மச்சான், காரைதீவுப் புளியமரத்த வெட்டினா நல்லம் எண்டு நான் நினைச்சன்.”

“அஸ்தஃபிருல்லாஹ்! என்ன கதை கதைக்காய்?”

“உள்ளதத்தான் செல்றன். வரிப்பத்தான்சேனையில நான் கண்டுபுடிச்ச மருதமரம்தான் கொப்பியில ஆகப் பெரிசு. பிறகு நம்மட காரைதீவு மாஸ்டர் அந்தப் புளியக் கண்டார். சுத்தளவு ரெண்டு முழம் கூட. அண்டையிலிருந்து எனக்குச் சோறு இறங்கல்ல.”

“அதுக்கு?”

“முந்தநாள் சைக்கிள்ல போறன், சூளைக்கு விறகு எண்டு மூணு பேர் அந்தப் புளியில மரமறுக்கிற வாள் வெச்சிட்டானுகள். பாத்தும் பாக்காத மாதிரிப் போயிட்டன். சந்திக்குப் போற வரைக்கும் வாள் இழுக்கிற சத்தம் கேட்டுது. தாங்க ஏலாமத் திரும்பி வந்து மரத்தக் கட்டிப்புடிச்சிக்கிட்டுக் கத்தினன். ஊரே கூடிட்டு. அவனுகள் போயிட்டானுகள்.”

“மாஸ்டருக்குத் தெரியுமா?”

“ஓம். ஓடி வந்து என்ட கையப் புடிச்சி அழுதிட்டார். கொப்பியில தன்ட பேர வெட்டிட்டு, புளிக்கு நேரே என்ட பேர எழுதினார்.”

மற்றவர் சிரித்தார். “பிறகென்ன, ரெண்டு மரமும் ஒனக்குத்தான்.”

இவர் சிரிக்கவில்லை.

“அவர்ர மனசு எனக்கு இல்லையே, மச்சான். இப்ப அதுலயும் எரிச்சலா இரிக்கி.”