கறுப்புத் திரை அக்காவுக்கு, ‘பேசும் நூலக’த்தாரின் மடல்

காலையில் கதவைத் திறப்பீர்கள். செருப்பை ஓரமாக விடுவீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு, மவுஸை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கணினியின் கறுப்புத் திரையில் முதல் கட்டளையைத் தட்டுவீர்கள். நாங்கள் வருவதற்குள் நேற்றைய பதிவுகள் வரிசையாக நிற்கும். இன்றோடு ஓய்வு பெறுகிறீர்கள்; நாளை முதல் கதவை வேறு யாராவது திறக்க வேண்டும்.

தேவையற்றதை முதலில் ஒதுக்கியவரே! தேடியதைத் தேடியவர் கையில் சேர்த்தவரே! எங்கள் அக்காவே!

பார்வையற்றோருக்காக நூல்களை வாசித்துப் பதியும் இக்கூடத்தில் கோப்புகள் லட்சக்கணக்கில். "தட்டிக்கிட்டே இருக்கீங்களே, மவுஸ் எதுக்குங்க இருக்கு?" என்பார் மேலாளர். "அதைப் புடிச்சுக்கிட்டு அலையற வயசு தாண்டிருச்சு சார்" என்பீர்கள். வரிசைப்படுத்த நேரமானால், அகரவரிசை விதிகளை விட்டுவிட்டு ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ளே இருக்கும் எண்ணை மட்டும் ஒப்பிடும்படி கணினியிடம் சொல்வீர்கள். "தேதியை அடுக்க எதுக்குப்பா இலக்கணம்?" என்பீர்கள்.

எல்லோருக்காகவும் இதை எழுதுவது நான். என் மனைவி இங்கே வாசிப்பாளராக இருந்தாள். நான் ஒலித்தொகுப்பாளர். அவள் இறந்த பிறகு, அவள் வாசித்த நூல்களைக் கேட்டேன். எல்லாம் நூலின் சொற்கள். இருமல், சிரிப்பு, இடையில் பேசியது எல்லாவற்றையும் நான் வெட்டியிருந்தேன். அதுதான் என் வேலை. அவளுடைய சொந்தப் பேச்சு வெட்டாத பதிவுகளில் மட்டும் இருந்தது. அவை கிடந்த பழைய சர்வர் கணினியை, நான் தேட வந்த அன்று மாலையே அழிக்கவிருந்தார்கள்.

தேடும் பெட்டியில் அவள் பெயரைப் போட்டேன். மதியம் வரை சுற்றிக்கொண்டே இருந்தது. நீங்கள் வந்து எட்டிப் பார்த்தீர்கள்.

"நிறுத்து தம்பி. அது ஒவ்வொரு ஒலிக்கோப்பையும் திறந்து உள்ள எழுத்து இருக்கான்னு பாக்குது. பேரு அங்க எப்படிப்பா இருக்கும்?"

ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் வாசித்தவர் பெயரும் தேதியும் கொண்ட சிறு குறிப்புக் கோப்பு வைப்பது நம் வழக்கம். அவற்றை மட்டும் திறக்கும்படி கணினியிடம் சொன்னீர்கள். ஒரே நேரத்தில் பலவற்றைத் திறக்கச் சொன்னீர்கள். அவள் பெயருள்ளவற்றை மட்டும் எடுத்துத் தேதிப்படி அடுக்கினீர்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் முடிந்துவிட்டது.

"கடைசி வரிதான் கடைசிப் பதிவு. கேளுப்பா" என்றீர்கள். ஹெட்போனை என் பக்கம் நகர்த்தினீர்கள். எழுந்து போய், வெளியிலிருந்து கதவைச் சாத்தினீர்கள். மாலைக்குள் அவளுடைய எல்லாப் பதிவுகளையும் பத்திரமாக வேறிடம் மாற்றினீர்கள்.

அக்கா, நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் நெடுநாள் இருங்கள். காலையில் அவசரமில்லாமல் எழுந்திருங்கள். வீட்டில் எதையாவது தொலைத்தால் கூப்பிடுங்கள், நாங்கள் வந்து தேடித் தருகிறோம். கொஞ்சம் நேரமாகும்.

அன்புடன்,
வாசிப்பாளர்கள், ஒலிப்பதிவாளர்கள், மேலாளர், அலுவலகத்தார் அனைவரும்

எல்லோரும் கையெழுத்திட்ட பின் இதை நான் சேர்க்கிறேன். அந்தக் கடைசிப் பதிவில் என்ன இருந்தது என்று நீங்கள் இன்றுவரை கேட்கவில்லை. ஒரு பக்கம் வாசிக்கிறாள். இருமல் வருகிறது. மறுபடி தொடங்குகிறாள், முடியவில்லை. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரிடம் சொல்கிறாள்:

"இதை அழிச்சிருங்க. நாளைக்கு வந்து முழுசாப் படிச்சுத் தர்றேன்."