ரயில் டிரைவரின் கம்ப்யூட்டரைத் திறந்தது பற்றி

என் பெயரும் முகவரியும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தெருவில் என்னை ஸ்க்ரூ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வீடு புகுந்து கம்ப்யூட்டரைச் சேதப்படுத்தியதாக, ஓய்வு பெற்ற ரயில் டிரைவரின் தம்பி கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

டிரைவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. இடது கை ஆள்காட்டி விரல் மட்டும் அசையும். அந்த விரலடியில் உள்ள பட்டனை அழுத்தி அவர் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தால் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் பேசும். பட்டனுக்கு வயர் கிடையாது, புளூடூத்தில் இயங்குவது. அந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்தவள் நான்தான். போன வாரம் பட்டன் விட்டுவிட்டு வேலை செய்ததால், வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த பழைய கார்டைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். அவர் பேசிப் பார்த்து, என் வாய்க்கும் ஸ்பேர் கிடைத்துவிட்டது என்று கேலி செய்த பிறகே கிளம்பினேன்.

அதன் பிறகு நேற்று மதியம் அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் போன் செய்து, ஐயா நான்கைந்து நாளாகப் பேசவில்லை, தம்பி அவரை முதியோர் இல்லத்தில் விட வண்டி சொல்லிவிட்டார், உடனே வா என்றார். நர்ஸ் கதவைத் திறந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். தம்பி அண்ணனின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "நெட் ஓடுது பாரு, மெஷின்ல ஒண்ணும் இல்ல. அண்ணனுக்குத்தான் புத்தி மங்கிடுச்சு. போகப் பிடிக்கலைன்னா அவரே சொல்லியிருப்பார்ல?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நெட் ஓடியதுதான் உறுத்தியது. அந்த வகைக் கார்டில் வைஃபை அப்படியே ஓடும். புளூடூத்துக்கு மட்டும் கார்டிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு சிறு கேபிள் தனியாகச் செருக வேண்டும். தொழிலுக்குப் புதியவர்கள் அதை மறந்துவிட்டு, கார்டே சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். அன்று டிரைவர் பேசியதைக் காதால் கேட்டிருந்தும், நானும் சரியாகச் செருகாமல் விட்டேனோ என்று சந்தேகம் வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் பக்க மூடியைக் கழற்றினேன். கேபிளே அங்கு இல்லை.

அதன் பிறகு தம்பி என் தோளைப் பிடித்து இழுத்தார். வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. நர்ஸ் எங்களுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார். என் பையில் மாற்றுக் கேபிள் இருந்தது. அவசரத்தில் முதலில் தலைகீழாகச் செருகப் பார்த்து, பிறகு திருப்பிச் செருகினேன். டிரைவரின் கண் என் கையை விட்டு நகரவில்லை. கம்ப்யூட்டர் மறுபடி ஓட ஆரம்பித்துப் பட்டனோடு இணைவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் நிதானமாக அழுத்தினார். கம்ப்யூட்டர் சொன்னது:

"தம்பி, நான் எங்கேயும் வரல. நீ கேபிளைப் பிடுங்குறப்ப நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

அதன் பிறகு தம்பி பெட்டியை அப்படியே விட்டு வெளியே போனார். வண்டியும் திரும்பிப் போனது. புகார் அதற்குப் பிறகு கொடுக்கப்பட்டது.

கம்ப்யூட்டரைச் சான்றுப் பொருளாக எடுத்துவரப் போவதாக இப்போது சொன்னீர்கள். என் பையையும் கருவிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், என்னை இங்கேயே உட்காரவையுங்கள், ஆட்சேபணை இல்லை. டிரைவரை மட்டும் மறுபடி ஊமையாக்க வேண்டாம். விசாரிக்க வேண்டுமானால் அவர் வீட்டுக்கே போய், பட்டன் விரலடியில் இருக்கும்போது கேளுங்கள். அவர் பதில் சொல்ல நேரமாகும், காத்திருக்க வேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது இதுதான், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)