ஐம்பத்திரண்டு ஃபிரேம்கள்

கடைக் கதவின் கண்ணாடியை யாரோ உள்ளங்கையால் படபடவென்று அறைந்தார்கள். கெட்டிலில் அப்போதுதான் தண்ணீர் கொதித்திருந்தது. அது மெல்லிய கண்ணாடி, எங்கள் ஊர் பாலிக்சியில் அடிக்கிற ஏரிக்காற்றுக்கே ஆடும். அதனால் யார் தட்டினாலும் நான் முதலில் கண்ணாடியைத்தான் பார்ப்பேன், பிறகுதான் ஆளை. அன்று வந்திருந்தவள் அனார்குல். சிறையில் இருக்கும் டிரைவர் நூர்காஸியின் மனைவி.

அந்த நாளைப் பற்றித்தான் கேட்டீர்கள் என்பதால் இந்த வாக்குமூலத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன், ஐயா. என் பெயர் ஒரோஸ்பெக், ஊருக்கெல்லாம் ‘பைகே’, அதாவது அண்ணன். இருபத்தோரு வருடமாக இந்த ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். எடுப்பதும் நான்தான், எடிட்டிங் செய்வதும் நான்தான்.

அனார்குல் உள்ளே வந்து மேசைமேல் ஒரு போனை வைத்தாள். திரை விரிசல் விட்டிருந்தது.

“இது சைராவோட போன், பைகே. அவங்கம்மா குடுத்தாங்க.”

“உக்காரும்மா. டீ போடறேன்.”

“டீ குடிக்க வரல. இதுல உங்க கை தெரியுது.”

“கல்யாண வீடியோல எல்லார் கையும்தான் தெரியும்.”

“எல்லார் கையும் காரைத் திருப்பாது,” என்றாள்.

அழவில்லை, கத்தவும் இல்லை. இறந்துபோன பெண்ணின் அம்மா, அந்தச் சாவுக்காகச் சிறைக்குப் போனவனின் மனைவிக்குப் போனைக் கொடுத்திருக்கிறார். அதை நான் எதிர்பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கல்யாணக் கார் ஊர்வலங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் காரின் டிக்கி திறந்திருக்கும். நான் அதில் கால்களைத் தொங்கப்போட்டுப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பேன். பின்னால் வரும் கார்கள் ஹாரனை அழுத்திக்கொண்டு வரும். நான் கை காட்டினால் விலகும், கை காட்டினால் பக்கவாட்டில் வந்து சேர்ந்து ஓடும். மாப்பிள்ளையின் அப்பா சொல்லையே கேட்காத பிள்ளைகள் என் கைக்குக் கட்டுப்படுவார்கள். போகிற சாலை எனக்குத் தெரியாது, என் முதுகுதான் அந்தப் பக்கம் இருக்கும். இது அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் வருவார்கள். வீடியோ நன்றாக வரவேண்டும், அவ்வளவுதான்.

விபத்து நடந்தது செப்டம்பர் மாதம், ஏரியின் தெற்குக் கரைச் சாலையில். முதல் காரை ஓட்டியது என் அத்தை மகன் தூலத். அடுத்த கார் நூர்காஸியுடையது. அவன் பக்கத்தில் சைரா, மணப்பெண்ணின் தோழி, பாலர் பள்ளி ஆசிரியை, வயது இருபத்து நான்கு. போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தாள். நூர்காஸியின் கார் இடப்பக்கம், எதிர்வண்டிகள் வருகிற பக்கம், விலகி முன்னேறியது. எதிரே லாரி வந்தது. சைரா அங்கேயே போய்விட்டாள். நூர்காஸிக்கு வலது கால் முறிந்தது.

அவன் குடித்திருக்கவில்லை, ரத்தச் சோதனையில் தெரிந்துவிட்டது. அறுபது, அறுபத்தைந்தில்தான் வந்தேன், கேமராக்காரர் கூப்பிட்டதால்தான் ஒதுங்கினேன் என்றான். மெதுவாக வரச் சொல்லித்தான் கை காட்டினேன் என்று நான் சொன்னேன். என் கேமராவில் என் கை வராது. ஊர்வலத்துக்கு நான் ஒலி பதிவதும் இல்லை, பாட்டுதான் போடுவேன். ஆக மிஞ்சியது சைராவின் போன்.

உங்களுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த விசாரணை அதிகாரி அந்த வீடியோவின் தொடக்கத்தை மட்டும் தன் கம்ப்யூட்டரில் எனக்குப் போட்டுக் காட்டினார்.

“என்ன பைகே இது? கார் கொஞ்ச நேரம் கிழவன் மாதிரி நடக்குது, திடீர்னு குதிரை மாதிரி பாயுது?”

“போன்ல எடுத்தா அப்படித்தான் இருக்கும்.”

“சரி பண்ணிக் குடுங்க. ஊர்ல உங்களை விட்டா வேற யாரு?”

யாரும் இல்லை. அது உண்மை.

அந்தக் கோளாறு புரிந்தால் மற்றதும் உங்களுக்குப் புரியும். போன் சீராகப் படம் பிடிப்பதில்லை. ஒரு நொடிக்கு முப்பது ஃபிரேம், அதாவது முப்பது தனித்தனிப் படம், பிடிக்கும், சூடானால் பதினெட்டுக்கு இறங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் எந்த நேரத்தில் எடுத்தது என்று குறித்து வைத்திருக்கும். அந்தக் குறிப்பின்படி, குறைகிற இடங்களில் ஃபிரேமைத் திரும்பப் போட்டு, வீடியோ முழுவதையும் சீரான முப்பதுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டும். வேகம் சரியாக இருக்கும், ஒலியும் உதட்டோடு பொருந்தும்.

நான் முதலில் அப்படித்தான் செய்தேன். பதினோரு நிமிட வேலை. போட்டுப் பார்த்தேன். சாலையோர மின்கம்பங்களுக்கு இடையே ஐம்பது மீட்டர். ஒரு கம்பத்திலிருந்து அடுத்ததற்கு நூர்காஸியின் கார் போக மூன்று நொடிக்குக் கொஞ்சம் குறைவு. அறுபத்திரண்டு கிலோமீட்டர் வேகம். முன்னால் என் கார், திறந்த டிக்கி, அதில் நான். என் இடது கை மேலே போகிறது, வா வா என்கிறது. சைராவின் குரல் கேட்கிறது: “கேமராக்காரர் கூப்பிடறாரு பாரு, போ, போ.”

அந்தக் கோப்பை அழித்தேன்.

பிறகு பழைய வீடியோவையே சாஃப்ட்வேரில் ஏற்றி, எல்லா ஃபிரேமும் முப்பது வேகத்தில் எடுத்தவை என்று சொன்னேன். அது நம்பிவிட்டது. நேரக் குறிப்புகள் போயின, தடங்கலும் போயிற்று. வெண்ணெய் மாதிரி ஓடியது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஐம்பத்திரண்டு ஃபிரேம்கள் இருந்தன. பதினெட்டாக எடுத்ததை முப்பதாக ஓட்டினால் ஒன்றேமுக்கால் நொடியில் தீர்ந்துவிடும். அறுபத்திரண்டு நூற்று மூன்றானது. என் கை தெரிந்த இருபது ஃபிரேம்களை, பழுதானவை என்று குறித்து நீக்கினேன். ஒலி பொருந்தவில்லை என்று எழுதி அதையும் எடுத்துவிட்டேன். ஒலி பொருந்தவில்லை என்பது பொய்யில்லை, அந்த வேகத்தில் அது பொருந்தாதுதான்.

நூற்று மூன்று என்றதும் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நூர்காஸியைப் பார்த்தார். ஆறு வருடம் கொடுத்தார்.

வருத்தமா என்று கேட்காதீர்கள். ஸ்டியரிங் அவன் கையில் இருந்தது, என் கையில் இல்லை. சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் அவன். ஒரு கை அசைந்ததற்காகத் தன் கண்ணை ஒருவன் மூடிக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பா? யாராவது ஒருவர் உள்ளே போக வேண்டியிருந்தது. நான் போயிருந்தால் அந்த இலையுதிர்காலத்தில் இருந்த பதினான்கு கல்யாணங்களை யார் எடுத்திருப்பார்கள்?

தூலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டு இரண்டு முறை ஆளனுப்பியது, அதற்குள் அவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். டிக்கெட் எடுத்துக் கொடுத்தது நான். நான் கையை உயர்த்துவதற்கு முன் அவன் திரும்பிப் பார்த்துச் சொன்னது இது: “பைகே, எதிர்ல லாரி வருது.” எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் சூரியன் மலைக்குப் பின்னால் போக இரண்டு நிமிடம்தான் இருந்தது. ஏரி முழுக்கச் செம்பு நிறம். அந்த வெளிச்சத்தில் இரண்டு கார்கள் சேர்ந்து ஓடும் காட்சி இந்தக் கரையில் யாரிடமும் இல்லை. நூர்காஸி வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். கையை உயர்த்தினேன்.

காட்சி கிடைத்தது. கார் விலகும்போது சைரா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், முடி காற்றில் பறக்கிறது. அதைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கல்யாணப் படத்தின் கடைசியில் சேர்த்தேன். அவளுடைய அம்மா பார்த்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எம் பொண்ணை எனக்கு இப்படிக் காட்டினீங்களே, நல்லா இருங்க,” என்றார். நானும் அழுதேன், ஐயா. எனக்கு மனசாட்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி உங்கள் மேசையில் இருக்கும் அந்தத் தாள். அனார்குல் போனைத் தலைநகர் பிஷ்கெக்குக்குக் கொண்டுபோய் ஒரு நிபுணரிடம் கொடுத்தாள். அவர் சரியான வேகத்தைக் கண்டுபிடித்துவிட்டார், கையையும் பார்த்துவிட்டார். அதுவரை சரி. ஆனால் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார்: ‘சீரற்ற ஃபிரேம் வேகத்தைக் கவனிக்காமல் விட்டது, பயிற்சியற்ற உள்ளூர் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் தொடக்கநிலைத் தவறு. இருபது ஃபிரேம்களும் அதே அறியாமையால் நழுவியிருக்கலாம்.’

இதைப் படித்துவிட்டு நீங்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன். எனக்கும் பால் ஊற்றிய டீ வரவழைத்தீர்கள்.

“நல்லதாப் போச்சு, பைகே,” என்றீர்கள். “நூர்காஸியும் வெளிய வந்துடுவான், உங்க மேலயும் கேஸ் வராது. தெரியாம நடந்த தப்புன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புங்க.”

பேனாவையும் என் பக்கம் தள்ளினீர்கள். நான் எடுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுதியது போதும், நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளின் முதல் வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

“தெரியாமன்னு எழுதாதீங்க ஐயா. அப்புறம் இந்த ஊர்ல எவன் என்னை நம்பிக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்?”