எட்டேகால் இஞ்சி

...இல்ல அண்ணன், நான் கேட்டதுல என்ன பிழை எண்டு நீங்களே சொல்லுங்க. யேசு ஊர் ஊராப் போய்ப் பிரசங்கம் பண்ண முதல் என்ன செஞ்சார்? ஓடாவி வேல. அப்பன் சூசையப்பர் ஓடாவி, மகனும் ஓடாவி. அத்தின வருசத்துல ஒரு பலகைய, ஒரே ஒரு பலகைய, பிழையா அறுத்திரிக்க மாட்டாரா? சுத்தியலால பெருவிரல்ல அடிச்சிக்கிட்டு "அம்மா" எண்டு கத்தியிரிக்க மாட்டாரா? இதக் கேட்டதுக்குத்தான் இவ்வளவு கூத்தும்!

இருங்க இருங்க, எழும்பாதீங்க. உங்கட கதவுதானே? அளவுத் துண்டு கையில இரிக்குதானே, பாப்பம். கதிரவெளியில இருந்து பஸ்ஸேறி, எத்தின ஆமிச் சென்றியில இறங்கி ஏறி வந்திரிப்பீங்க, ஒரு தேத்தண்ணி குடிக்காமப் போறதா? அந்தப் பெட்டியில குந்துங்க. ஆணி கிடக்கும், பாத்து.

நீங்க சைவம், உங்களுக்கு இது விளங்காது. உங்கட ஆக்களுக்கு இந்தக் கரச்சல் இல்ல அண்ணன். கிருஷ்ணர் வெண்ண களவெடுத்தார் எண்டா எடுத்தார், அவ்வளவுதான். களவெடுத்தது கடவுளா மனிசனா எண்டு ஆரும் கூட்டம் வச்சதா நான் கேள்விப்படல்ல. எங்கட ஆக்கள் எண்டா ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு முதலே பிசப்மாரெல்லாம் கூடி, கத்தி, களைச்சி, ஒரு முடிவு எழுதினவங்களாம். பாதர் சொன்னவர். யேசு ஒராள், சுபாவம் ரெண்டு. முழுக்கக் கடவுள், முழுக்க மனிசன். ரெண்டும் கலக்காது, ரெண்டும் பிரியாது. சரி, நல்லம். நான் கேட்டன், "பாதர், முகத்துவாரத்துல ஆத்துவாய வெட்டிவிட்டா ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்காம நிக்கிறத எங்கயும் கண்டீங்களா?" எண்டு. மனிசன் மூக்குக்கண்ணாடியக் கழட்டித் துடைக்கத் தொடங்கிட்டார். பதில் இல்லாட்டித் துடைப்பார். மறுகா, "அது பரம ரகசியம் பெனடிக்ற்" எண்டார். ரகசியமெண்டா ஏன் பாதர் ஞாயிறு ஞாயிறு மைக்கில சொல்லுறீங்க?

ம்? ஆரு, அங்கால தகரக் கொட்டில்ல நிக்கிறவனா? அவன்தான் எமில். என்ட பொஞ்சாதிட தம்பி. பதினெட்டு வருசம் இந்தப் பட்டறையில ரெண்டு பேரும் ஒண்டா வேல செஞ்ச நாங்க. இப்ப மூணு கிழமையா றோட்டுக்கு அந்தப் பக்கம் தனிக்கடை! நாங்க பறங்கியர் அண்ணன். பேர்தான் போத்துக்கல், மற்றதெல்லாம் மட்டக்களப்பு. பரம்பரையா மரவேல. எங்கட ஆக்கள் கோவிச்சா வாயால கோவிக்க மாட்டாங்க, உளியத் தூக்கிக்கிட்டு வெளிக்கிட்டிருவாங்க. இவன் தன்ட உளி, தன்ட சீவுளி மட்டும்தான் எடுத்தவன். சுனாமிக்குப் புறகு நிறுவனம் ஒண்டு தந்த ஆயுதப் பெட்டி எங்க ரெண்டு பேருக்கும் பொது. அதத் தொட்டும் பாக்கல்ல. அப்பிடி ரோசம்!

ஆயுதப் பெட்டி எண்டா பயப்படாதீங்க, உளி வாள் வைக்கிற பெட்டி. இந்தச் சொல்லால நான் பட்ட பாடு! சண்ட நடக்கக்குள்ள ஒருக்கா சென்றியில "பெட்டிக்குள்ள என்ன?" எண்டு கேக்க, வாய் தவறி "ஆயுதம்" எண்டிட்டன். பின்னேரம் வரைக்கும் வெயில்ல குந்த வச்சானுகள். எமில்தான் கேள்விப்பட்டு ஓடிவந்து, அவனுகளுக்கு முன்னால ஒரு பலகையச் சீவிக் காட்டி, இதுதான் எங்கட ஆயுதம் எண்டு சொல்லி என்னக் கூட்டிவந்தவன். ஓம், அப்பிடி ஒரு பொடியன்தான்.

என்ட மனிசியா? அவளும் அங்கதான். தம்பிக்குப் பகல் சாப்பாடு கொண்டு போறாளாம். எனக்கு நேத்தையான் சோறு.

என்ன நடந்ததெண்டா, கடற்கரையில ஒரு சின்னக் கோயில் இருந்தது, எங்கட வேதக் கோயில். சுனாமி தூக்கிட்டு. அத்திவாரம் மட்டும் மிச்சம். சண்டையும் முடிஞ்சி இந்த வருசம்தான் திரும்பக் கட்டினாங்க. வாசல் கதவு நம்மட கையில. நல்ல முதிர மரம், ஒத்தக் கதவு. எமில் ஏணியில நிண்டு கதவு நிலைய அளந்து, மேல இருந்து சத்தம் போட்டான், "ஆறே முக்கால்!" எண்டு. நான் கீழ நிண்டு பலகத் துண்டு ஒண்டுல எழுதினன். ஆறடி, முக்கால் இஞ்சி... சிரிக்காதீங்க! ஆறே முக்கால் அடியாம். அப்ப அந்த "அடி"ய வாயால சொல்லோணுமா இல்லயா? வாய்க்குள்ள ஆணிய வச்சிக்கிட்டுக் கதைச்சா எனக்கு எப்பிடிக் கேக்கும்?

அவன் அங்க நிலை வேல, நான் இஞ்ச கதவு வேல. கொண்டுபோய் மாட்டினா எட்டேகால் இஞ்சி குறைவு! மேல முட்டுது, கீழ கடல் தெரியுது. அடுத்த நாள் முதல் பூச. இனி எங்க போற? அப்பிடியே விட்டிட்டம். பாதர் கைய விரிச்சி "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" எண்டு சொல்ல, பூட்டின கதவுக்குக் கீழால ஒரு தாரா குவாக் குவாக் எண்டு நுழைஞ்சி, ஆரிட்டயும் கேக்காம, நேர பீடத்தடிக்குப் போகுது. புறகால ஆறு குஞ்சு. சனம் விழுந்து விழுந்து சிரிக்குது.

பூச முடிய வாசல்ல வச்சிப் பாதர் கேட்டார், "ஆர் இத அளந்த?" எண்டு. நான்... "எமில் சொன்ன அளவு பாதர்" எண்டன். பொய்யில்லத்தானே? அவன்தானே சொன்னவன்? எமில் என்ன ஒரு பார்வ பாத்தான். "அத்தான், நீங்க எழுதின பலகையக் காட்டுங்க" எண்டான். பலக... அத விடுங்க. சனம் பாத்துக்கிட்டு நிக்குது. சிரிக்க வச்சா விசயம் போயிரும் எண்டு, "என்னத்துக்குப் பாதர் கரச்சல்? யேசுவும் ஓடாவிதானே, அவரும் நாலு பலக பிழையா அறுத்திரிப்பார்" எண்டன். எல்லாரும் சிரிச்சாங்க. பாதரும் சிரிச்சிட்டு, மறுகா கண்ணாடியக் கழட்டினார்.

எமில் சிரிக்கல்ல. "அவர் பிழை விடமாட்டார்" எண்டான்.

"மனிசன் எண்டா விடுவான்" எண்டன்.

"அவர் கடவுள்."

"கடவுள் ஒரு பக்கம் நிண்டு பாக்க, மனிசன் அறுத்திரிப்பார்."

"ஆள் ஒண்டுதான் அத்தான். அறுக்கிற கையும் ஒண்டுதான்."

பாருங்க, ஆறாம் வகுப்போட நிண்டவன் பிசப் மாதிரிக் கதைக்கிறான்! பதில் வராட்டி எனக்குத் துடைக்கிறதுக்குக் கண்ணாடியும் இல்ல அண்ணன், வாய் மட்டும்தான் இரிக்கு.

தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

எமிலுக்கு ஒரு பிள்ள இருந்தது. செறீன். ஏழு வயசு. சுனாமி வந்த அண்டைக்கு, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிறு, அந்தச் சின்னக் கோயிலுக்குத்தான் பூசைக்குக் கூட்டிக்கிட்டுப் போனவன். கையப் பிடிச்சிக்கிட்டுத்தான் நிண்டவனாம். தண்ணி பிடுங்கிட்டு. அவளுக்குப் பெட்டி செஞ்சது நான்தான். அந்த அளவ மட்டும் எனக்கு ஆரும் சத்தம் போட்டுச் சொல்லத் தேவப்படல்ல.

எல்லாம் தெரிஞ்சவன் நான். தெரிஞ்சிக்கிட்டு, அந்த வாசல்ல வச்சி, அவ்வளவு சனத்துக்கு முன்னால கேட்டன், "பிழை விடாதவரா? அப்ப அந்த ஞாயிற்றுக்கிழம ஆர்ட பிழை?" எண்டு. எமில் திரும்பி நடந்தான். இஞ்ச வந்து உளியத் தேடி எடுத்தான், போயிட்டான்.

அவனுக்குப் பிழை விடாத ஒராள் வேணும் அண்ணன். ஒராளாவது. இல்லாட்டி அந்த மனிசன் எப்பிடி நித்திர கொள்ளுவான்? எனக்கு வேணாம், நான் குறட்டை விடுறவன். அவனுக்கு வேணும்.

பலகைய நான் சீவிப்போட்டன். கதவு குறைவு எண்டு கண்ட அண்டைக்கே. "ஆறடி முக்கால் இஞ்சி" எண்டு பென்சிலால என்ட எழுத்து வடிவாக் கிடந்தது. அவன் சரியாத்தான் சொன்னவன். "ஆறே முக்கால் அடி" எண்டு ரெண்டு தரம் சொன்னவன். வாய்க்குள்ள ஆணியும் இல்ல, ஒண்டும் இல்ல. நான் அப்பவும் இப்பிடித்தான், மேசன்மாரோட கதை அலம்பிக்கிட்டு நிண்ட நான்...

அண்ணன்? எங்க போறீங்க? அளவுத் துண்டையும் தூக்கிக்கிட்டு... அடேயப்பா, றோட்டக் கடந்து அவன்ட கொட்டிலுக்கே போறாரே! கோணாமலையண்ணன்! ...சரி, போங்க. ஒழுங்கான கதவு செஞ்சி தருவான். போறதுதான் போறீங்க, அவனிட்ட ஒரு சொல்லு... இல்ல, வேணா. நானே சொல்லுறன்.

எமில்! டேய் எமில்! இஞ்ச பார்ரா! எட்டேகால் இஞ்சியும் என்ட பிழைடா! பாதரிட்டயும் போய்ச் சொல்லுறன்! அந்த ஞாயிற்றுக்கிழம ஆர்ட பிழை எண்டு எனக்குத் தெரியாதுடா... ஒரு கதவ அளக்கத் தெரியாத எனக்கு அது எங்கடா தெரியப்போகுது!