தோசைக்கல்லில் ஓர் இடம்

ஓட்டல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, நல்ல செருப்பாக வாங்கிக்கொள் என்பதுதான். நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டும். சமையல் எப்படியும் கைக்கு வந்துவிடும், கால் போனால் வராது.

நானும் பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தேன். தாயில்பட்டி விலக்கில், பட்டாசு கம்பெனி வேன்கள் நிற்கும் இடத்தில் எங்கள் கடை. கழுவியவள் இட்லி ஊற்றினேன், பிறகு தோசைக்கல்லுக்கு வந்தேன். இப்போது சமையற்கட்டு முழுக்க என் பொறுப்பு. பொறுமை இருந்தால் யாரும் மேலே வரலாம். புருஷன் விட்டுப் போன பிறகு கடைக்குப் பின்னால் உள்ள அறையில்தான் இருக்கிறேன். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். சோறு இறங்காது.

ரோஜா போன வருஷம் பாத்திரம் கழுவ வந்தாள். முதல் நாளே தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். தன் அப்பளத்தில் பாதியை ஒடித்து, கேட்காமலே என் தட்டில் வைத்தாள். அன்று நான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு வருஷக்கணக்கில் கிடைக்காத தோசைக்கல்லை அவளுக்குச் சில மாதங்களில் கொடுத்தேன்.

இந்த ஆவணியில் சொன்னாள். "அக்கா, கம்பெனில ஆள் கேக்காக. சீசன் முடியுற வரைக்கும் போயிட்டு வாறேனே. கூலி அம்புட்டு தாராக."

"போனவ எவடீ திரும்பி வந்தா?"

"நா வருவேன்க்கா. ஒங்கள விட்டுட்டு எங்கன போவேன்?"

எல்லாரும் சொல்கிற பேச்சுதான். எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

பட்டாசு கம்பெனி வாசலில் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். தீப்பெட்டி இருந்தால் அன்றோடு வேலை இல்லை. மற்ற கம்பெனிகளுக்கும் சேதி போய்விடும். முதல் நாள் அவள் கிளம்பியபோது தயிர்சோறு கட்டிக் கொடுத்தேன். அவள் பையில், தூக்குவாளிக்கு அடியில், துணி மடிப்புக்குள், அடுப்பு பற்றவைக்கும் தீப்பெட்டியை வைத்தேன். திரும்பி வந்தால் கொஞ்சம் வைதுவிட்டுக் கல்லில் நிறுத்திவிடலாம். அவளுக்கும் அதுதான் நல்லது. பட்டாசு மருந்து வேலையில் என்ன வளர்ச்சி இருக்கிறது?

மருந்து உராய்ந்து வெடித்ததாகப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அது சரியில்லை. பையை மருந்து அறைக்குள் கொண்டுபோயிருக்கிறாள், எதில் உரசியதோ. அவளோடு இன்னும் மூன்று பேர். சாப்பாட்டுப் பையை உள்ளே வைக்கக் கூடாதென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சோதிக்க வேண்டியவர் சோதிக்கவில்லை. நான் நினைத்தபடி நடந்திருந்தால் இந்நேரம் தோசை ஊற்றிக்கொண்டிருப்பாள். இதையும் நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவர் ஏன் சோதிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். வாட்ச்மேனுக்கு எங்கள் கடையிலிருந்துதான் காலை டிபன் போகிறது. அவளைத் திருப்பி அனுப்பினால் கையோடு கூட்டி வரலாமென்று அன்று நானே கொண்டுபோனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வேன் வந்தது. எச்சில் கையை ஆட்டி, "போங்க, போங்க" என்று எல்லாரையும் உள்ளே விட்டார். பையில் தீப்பெட்டி இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், வைத்தது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். ரோஜா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே நடந்தாள். நான் வாட்ச்மேன் பக்கம் திரும்பி, "இன்னுங் கொஞ்சம் சட்னி ஊத்தவாண்ணே?" என்று கேட்டேன்.